பத்து லட்சத்து ஒன்பது

சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
மேலூர் தாலுகா ஆபீஸ், இ-சேவை, இரண்டாம் கவுண்டர்.
திரையில் உறைந்து நிற்கும் விண்ணப்ப எண்
10,00,009.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாண்டீஸ்வரி.
தகப்பன் பெயர் சின்னக்காளை.
திருவாதவூர் மினிபஸ்ஸில் வந்தவள்.
காலேஜில் சான்றிதழ் கொடுக்க நாளைதான் கடைசி.
"எம்புட்டு நேரமாகும் சார்?"
சுற்றுகிற அந்த வட்டத்துக்குத்தான் தெரியும்.

நான் எம்.எஸ்சி. கணிதம்.
ஒப்பந்த வேலை, மாதம் ஒன்பதாயிரம்.
சும்மா இருக்காது கை.
கெட்டுப்போன படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு
எண்ணைப் பிரிக்கத் தொடங்கினேன்.

மூன்றால் போகாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று,
எதுவும் போகாது.
ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது;
அது எல்லோருக்கும் தெரிகிற வாசல்.
கொல்லைப்புறம் இன்னொன்று உண்டு:
972-இன் வர்க்கம், 235-இன் வர்க்கம்.
இப்படி இரண்டு வாசல் வைத்த எண்
பகா எண்ணாய் இருக்க வழியில்லை.
நுழைந்து பார்த்தால் உள்ளே இரண்டே பேர்,
293, 3413.

பகு எண் என்று எழுதினேன்.
தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 3707.
பத்து லட்சம் எங்கே, இது எங்கே.
ஆகவே குறைவெண்.
(எண்களில் முக்கால்வாசி குறைவெண்தான்,
மேலூரில் மட்டுமில்லை.)
இலக்கங்களை வர்க்கம் செய்து கூட்டக் கூட்ட
82, 68, 100, கடைசியில் ஒன்று.
ஒன்றில் வந்து அடங்கினால் மகிழ் எண்ணாம்.
இரும முறையில் எழுதினால் ஒன்பது ஒன்றுகள்.
அது ஒற்றைப்படை,
அதனால் வெறுக்கத்தக்க எண்ணாம்.
யாரோ விளையாட்டாக வைத்த பெயர்கள்.
எண்ணைக் கேட்டா வைத்தார்கள்.

இன்னொரு வகை இருக்கிறது.
எந்த எண்ணின் வகுத்திகளைக் கூட்டினாலும்
வந்து சேரவே முடியாத எண்.
வெளிநாட்டில் வைத்த அந்தப் பெயரைத்
தமிழில் எழுதச் சொன்னது பரீட்சைத் தாள்.
மற்ற எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டு
அதற்கு மட்டும் கோடு போட்டு வைத்தேன்.
இரண்டு மார்க் போனது.
சொல் தெரியாமல் இல்லை.
எங்கள் தெருவுக்கே தெரியும் அந்தச் சொல்.

இரண்டு அந்த வகை. ஐந்தும்.
ஐந்துக்கு வர ஒன்றும் நான்கும் வேண்டும்.
நான்கை உள்ளே விட்டால் இரண்டும் கூடவே வந்துவிடும்,
கணக்கு ஏழாகிவிடும்.
ஒற்றைப்படையில் ஐந்தைத் தவிர
இன்னொன்றை யாரும் கண்டதில்லை.
இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.

திரையில்
"உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்"
திறந்தபடி தொங்குகிறது.

இந்த எண்?

ஒன்றைக் கழித்தேன்.
மிச்சம் இரண்டு வெவ்வேறு பகா எண்களாக உடைந்தால் போதும்.
பத்து லட்சத்து மூன்று,
ஏழு இலக்கத்தில் முதல் பகா எண், எனக்கு மனப்பாடம்.
அதை எடுத்தேன்.
மிஞ்சியது ஐந்து.

ஐந்து.

இரண்டையும் பெருக்கினால் ஐம்பது லட்சத்துப் பதினைந்து.
அதன் வகுத்திகள்
ஒன்று, ஐந்து, பத்து லட்சத்து மூன்று.
கூட்டிப் பார்த்தேன்.
திரும்பவும் ஒருமுறை, விரல் விட்டு.
எவரும் தொடாத ஐந்து
கை நீட்டி இதைத் தொட்டிருக்கிறது.

"என்ன சார் சிரிக்கிறீங்க?"
"ஒண்ணுமில்லம்மா. சர்வர் வந்திருச்சு."

ஒப்புகைச் சீட்டு, அறுபது ரூபாய்.
ஓர் ஐம்பது ரூபாய்த் தாள், இரண்டு ஐந்து ரூபாய்க் காசு.
கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியே
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.
இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த சூடு
காசில் அப்படியே இருந்தது.

அடுத்தது 10,00,010.
இரட்டைப்படை. இந்த வழி அதற்கு எடுபடாது.
வருமானச் சான்றுக்கு ஒருவர்
சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு நிற்கிறார்.
படிவத்தின் முதுகில்
இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.